இருட்டில் கை எட்டுமா? – சிஸ்டர் பதில்கள்

புயல், வெள்ளம், நிலநடுக்கம் என்று எது வந்தாலும் வீட்டை எப்படித் தயாராக வைத்திருப்பது என்று இந்த மாதம் உங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். கட்டுக் கட்டாகக் கடிதங்கள். நான் 31 வருஷம் செவிலியராக இருந்தவள். நிவாரண முகாம்களிலும் பல இரவுகள் கழிந்திருக்கின்றன. அங்கே பார்த்ததையும் என் வீட்டில் நடந்ததையும் வைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சிஸ்டர், அவசரப் பை ஒன்று கட்டி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கையில் கிடைத்த பட்டியலில் நாற்பது பொருள். மலைப்பாக இருக்கிறது. நாங்கள் மூன்று பேர். எதிலிருந்து ஆரம்பிப்பது? – ஒரு இல்லத்தரசி

பதில்: பட்டியலை மடித்து வையுங்கள். முதலில் தண்ணீர். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். பாதி குடிக்க, மீதி சமைக்க, கை கழுவ. மூன்று பேருக்கு மூன்று நாள் என்றால் 36 லிட்டர். இடம் இருந்தால் இரண்டு வாரத்துக்குச் சேர்த்து வைப்பது இன்னும் நல்லது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். பால் இருந்த பாட்டிலில் மட்டும் பிடிக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் பாலின் மிச்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், கிருமி வளரும். இன்னொன்று. 20 லிட்டர் கேன் 20 கிலோ கனம். அதைத் தூக்கிச் சாய்க்க உங்கள் வீட்டில் யாரால் முடியும்? அந்த ஆள் அன்றைக்கு வெளியூரில் இருந்தால்? பாதித் தண்ணீரையாவது ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பாட்டில்களில் வையுங்கள்.

இரண்டாவது, ஒரு தாள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

பல வருஷத்துக்கு முன்னால், எங்கள் தெருவுக்குள் வெள்ளம் வந்த இரவில் நான் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. வீட்டில் அம்மா மட்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்ல மனுஷர்கள், அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் ஒரு முகாமில் சேர்த்துவிட்டார்கள். அங்கே இருந்த டாக்டர், "என்னம்மா மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அம்மா சொன்ன பதில்: "காலையில ஒரு வெள்ளை, ராத்திரி பாதி ரோஸ்." அந்தப் பாதி ரோஸ் மாத்திரை ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது. அளவு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. பெயர் தெரியாமல் எந்த டாக்டர்தான் கொடுப்பார்? அவர் கொடுக்காததில் தப்பே இல்லை. நான் தண்ணீரைக் கடந்து போய்ச் சேர மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் அம்மாவின் இடது கால் தொடைவரை வீங்கிவிட்டது. ரத்தக்கட்டி. பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்தக் கால் பழையபடி ஆகவே இல்லை.

வார்டில் நாற்பது நோயாளிகளின் சீட்டை எழுதி வைத்தவள் நான். என் அம்மாவுடையதை ஒரு தாளில் எழுதி அவர் இடுப்பில் செருகி வைக்கவில்லை. அந்த மாத்திரை என் தலைக்குள் இருந்தது, அம்மாவிடம் இல்லை. இன்றைக்கு வரைக்கும் அது என்னை அறுக்கிறது.

ஆகவே இன்றைக்கே உட்கார்ந்து எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள். பெயர், வயது, ரத்த வகை, என்ன நோய், மாத்திரையின் பெயர் (கம்பெனி பெயர் மட்டும் போதாது, மருந்தின் மூலப் பெயரும் வேண்டும்), எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பால்பாயின்ட் பேனாவால் எழுதி ஜிப் கவரில் போடுங்கள். மைப்பேனா நனைந்தால் கரைந்துவிடும். ஒரு பிரதி பையில், ஒன்று அவரவர் பர்ஸில், ஒன்று வெளியூரில் இருக்கும் சொந்தக்காரரிடம். டாக்டர் மருந்தை மாற்றினால் தாளையும் அன்றே மாற்றுங்கள்.

அப்புறம் டார்ச். பேட்டரியை உள்ளே போட்டு மாசக்கணக்கில் வைத்தால் கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பொடி பூத்துவிடும். வேண்டிய நேரத்தில் எரியாது. பேட்டரியைத் தனியாக ஒரு கவரில் போட்டு டார்ச்சோடு ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். கட்டிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு, இருட்டிலேயே எடுத்துப் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் பிளஸ் என்று விரலால் தடவித் தெரிந்துகொள்ள வேண்டும். அவசரம் பெரும்பாலும் இருட்டோடுதான் வரும்.

மீதிச் சாமான்களை மெதுவாகச் சேர்த்துக்கொள்ளலாம். சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு மூன்று நாளைக்கு, விசில், பேட்டரியில் ஓடும் ரேடியோ, பவர் பேங்க், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சில்லறையாகக் கொஞ்சம் பணம், அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம், இன்ஷூரன்ஸ் இவற்றின் நகல், மூக்குக் கண்ணாடி இன்னொரு ஜோடி, பெண்களுக்கு நாப்கின். கடைசி இரண்டையும் முகாமுக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மறந்திருப்பார்கள்.

கேள்வி: குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தால் எப்படிக் குடிப்பது? சிலர் கொதிக்க வை என்கிறார்கள், சிலர் பிளீச் ஊற்று என்கிறார்கள். – கல்லூரி விடுதி மாணவர்

பதில்: அடுப்பு இருந்தால் கொதிக்க வைப்பதுதான் முதல் வழி. தளதளவென்று கொதி வந்த பிறகு முழுசாக ஒரு நிமிஷம். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் மலையூர் என்றால் மூன்று நிமிஷம், அங்கே குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால்.

அடுப்பு இல்லை என்றால் பிளீச். துணி வெளுக்க வாங்குகிறோமே, அந்தத் திரவம்தான். ஆனால் வாசனை சேர்த்தது, சோப்பு கலந்தது கூடாது. சோடியம் ஹைப்போகுளோரைட் 5 அல்லது 6 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டருக்கு 2 சொட்டு. கலங்கலாக இருந்தால் வடிகட்டிவிட்டு 4 சொட்டு. கலக்கி 30 நிமிஷம் வையுங்கள். முகர்ந்தால் லேசாகக் குளோரின் வாசம் வர வேண்டும். வரவில்லையா, அதே அளவு இன்னொரு தடவை விட்டு 15 நிமிஷம் பொறுங்கள். சொட்டு மருந்துக் குழாய் ஒன்றை பாட்டிலோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். வாங்கி வருஷமான பிளீச்சில் வீரியம் போய்விட்டிருக்கும். குளோரினுக்கு அடங்காத ஒட்டுண்ணிகளும் உண்டு, அதனால்தான் கொதிநீரை முதலில் சொன்னேன். டீசலோ பூச்சிமருந்தோ கலந்த தண்ணீருக்கு இரண்டுமே உதவாது, கொட்டிவிடுங்கள்.

வடிகட்டப் புதுத் துணியைத் தேட வேண்டாம். ரீட்டா கோல்வெல் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவும் வங்கதேசக் கிராமங்களில் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து வடிகட்டிய வீடுகளில் காலரா கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. காலராக் கிருமி, தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் ஒட்டிக்கொண்டு வரும். அவை துணியில் தங்கிவிடுகின்றன. துவைத்துத் துவைத்து நூல் பிரிந்த பழந்துணியில் இடைவெளி சிறுத்துப்போவதால் புதுசைவிட அது நன்றாக வடிகட்டுகிறது. வடிகட்டினால் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பிறகு கொதிக்கவும் வைக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு இன்சுலின். கரன்ட் இரண்டு மூன்று நாள் வராவிட்டால் மருந்து கெட்டுவிடுமே என்று பயமாக இருக்கிறது. ஐஸில் புதைத்து வைக்கலாமா? – ஒரு மகள்

பதில்: ஐஸில் புதைக்கவே புதைக்காதீர்கள் அம்மா. உறைந்த இன்சுலின் பிரயோஜனம் இல்லை, உருகிய பிறகும் போடக்கூடாது. சூட்டைவிட உறைவதுதான் அதற்குப் பெரிய எதிரி. பிரிக்காத மருந்தை வழக்கமாக 2 முதல் 8 டிகிரியில் வைப்போம். ஆனால் பெரும்பாலான இன்சுலின், 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் வெளியில் 28 நாள் வரை தாங்கும். ஆகவே இரண்டு நாள் மின்வெட்டுக்கு நெஞ்சு படபடக்க வேண்டியதில்லை. உங்கள் மருந்துப் பெட்டியில் இருக்கும் துண்டுக் காகிதத்தில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து அப்பாவின் தாளில் எழுதிவிடுங்கள். வெயில் படாத, தரையோரமான இடத்தில் வையுங்கள். காற்று உலர்வாக இருக்கும் ஊரானால், பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, நடுவில் ஈரமணல் கொட்டி, மேலே நனைத்த துணி போட்டு மூடினால் உள்ளே நன்றாகக் குளிர்ந்துவிடும். புழுக்கமான ஊரில் அவ்வளவு குளிராது.

இதைவிட எனக்குப் பயம் வேறொன்றில். முகாமில் சாப்பாடு நேரத்துக்கு வராது. அப்பா வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்குக் காத்திருப்பார். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறிச் சரிந்த எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன். சாப்பாடு கையில் வந்த பிறகுதான் சாப்பாட்டு வேளை ஊசி. அதற்காக இன்சுலினை மொத்தமாக நிறுத்திவிடவும் கூடாது. சாப்பாடு குறைந்தால் எவ்வளவு குறைப்பது என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் பொட்டலமோ சர்க்கரையோ அப்பாவின் சட்டைப் பையில் இருக்கட்டும். பையில் இருந்தால் போதாது, சட்டைப் பையில்.

ஃபிரிட்ஜ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திறக்காமல் வைத்தால் 4 மணி நேரம் குளிர் நிற்கும். நிரம்பிய ஃபிரீஸர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம். "கெட்டுவிட்டதா" என்று திறந்து திறந்து பார்ப்பதால்தான் சீக்கிரம் கெடுகிறது.

கேள்வி: நிலம் ஆடினால் வெளியே ஓட வேண்டும் என்கிறாள் மனைவி. வாசல் நிலைக்கு அடியில் நிற்க வேண்டும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? – அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம். உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் புகுந்து, அதன் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மேஜை நகர்ந்தால் கூடவே நகருங்கள். மேஜை இல்லையென்றால் உள்சுவர் ஓரமாகக் குனிந்து கழுத்தையும் தலையையும் கையால் மூடுங்கள். படுக்கையில் இருந்தால் எழுந்து ஓட வேண்டாம், தலையணையைத் தலைமேல் போட்டுக்கொண்டு அங்கேயே இருங்கள். லிஃப்ட் பக்கம் போகவே கூடாது. வாசல் நிலை பாதுகாப்பு என்பது, இடிந்த பழைய மண்வீடுகளில் நிலை மட்டும் தனியாக நின்றதைப் பார்த்து வந்த நம்பிக்கை. இன்றைய வீடுகளில் அதற்கென்று தனிப் பலம் கிடையாது. மண்சுவர் வீட்டின் தரைத்தளத்தில், கதவுக்குப் பக்கத்திலேயே, வெளியே திறந்தவெளியும் இருக்கிற ஆள் என்றால் மட்டும் மனைவி சொல்வது சரி.

ஜப்பானில் கோபே நகரத்து நிலநடுக்கம் 1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46க்கு வந்தது. ஜனங்கள் தூக்கத்தில். 6,400 பேருக்கு மேல் இறந்ததில் பெரும்பாலோர் இடிந்த வீட்டுக்கும் சாய்ந்த சாமானுக்கும் அடியில் நசுங்கியவர்கள். உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை மீட்டதும் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான். ஆகவே இன்று செய்ய வேண்டியது: பீரோவையும் புத்தக அலமாரியையும் இரும்புப் பட்டை வைத்துச் சுவரோடு திருகிவிடுங்கள். கட்டிலுக்கு மேலே மாட்டிய கனமான படத்தை இறக்குங்கள். அப்புறம் கட்டில் காலில் ஒரு பையைக் கட்டி அதில் ஒரு ஜோடி ஷூவும் டார்ச்சும் வையுங்கள். தரையில் விட்டால் ஆட்டத்தில் எங்கேயாவது போய்விடும். ஆட்டம் நின்ற பிறகு வெறுங்காலோடு கண்ணாடித் துண்டை மிதித்து வந்தவர்களுக்கு விடியும் வரை தையல் போட்டிருக்கிறேன். பாதத்தில் வெட்டு என்றால் அந்த மனிதரால் அடுத்தவருக்கு உதவ முடியாது, தானும் நடக்க முடியாது.

கேஸ் வாசம் அடித்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: சிஸ்டர் ஆன்ட்டி, கடல் உள்ளே போனால் சுனாமி வருமா? நான் ஐந்தாம் வகுப்பு.

பதில்: வரலாம் கண்ணு. ஆனால் ஒவ்வொரு தடவையும் கடல் உள்வாங்கிவிட்டுத்தான் வரும் என்று கிடையாது. கடற்கரையில் இருக்கும்போது தரை ரொம்ப நேரம் ஆடினாலோ, கடலில் இருந்து ரயில் வருவது மாதிரிச் சத்தம் கேட்டாலோ, யாரும் சொல்லும் வரை காத்திருக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். 30 மீட்டர் உயரம் ஏறினால் நல்லது, மேடு இல்லாவிட்டால் கரையை விட்டு 3 கிலோமீட்டர் உள்ளே. முதல் அலையைவிட அடுத்து வருவது பெரிதாக இருக்கலாம், அதனால் சீக்கிரம் திரும்பி வரக் கூடாது.

இந்தோனேசியாவில் சிமெலு என்று ஒரு தீவு. 1907இல் அங்கே சுனாமி வந்து நிறையப் பேரைக் கொண்டு போய்விட்டது. மிஞ்சியவர்கள் அதற்கு "ஸ்மோங்" என்று பெயர் வைத்து, தாலாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்: நிலம் ஆடி, கடல் வற்றினால் மலைக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்தது அந்தத் தீவு. பத்து நிமிஷத்துக்குள் அலை வந்துவிட்டது. "ஸ்மோங்! ஸ்மோங்!" என்று கத்திக்கொண்டே எல்லோரும் மலை ஏறினார்கள். சுமார் 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். நீயும் இதை உன் தம்பி தங்கைகளுக்குச் சொல்.

கேள்வி: மழைச்சாரல் படாமல் ஜெனரேட்டரை பால்கனியில் வைத்து ஓட்டலாமா?

பதில்: கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் கூடாது. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. வீட்டை விட்டு 6 மீட்டராவது தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்த்தபடி வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்றால் படுக்க வைக்காதீர்கள், வெளியே இழுத்து வாருங்கள். கரி அடுப்பை அறைக்குள் வைப்பதும் இதே ஆபத்துதான்.

கேள்வி: மாமியார் இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. வீட்டில் நானும் அவரும் மட்டும். தண்ணீர் வந்தால் எப்படி வெளியேற்றுவேன்? – பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். நேராகச் சொல்கிறேன்: தண்ணீர் வந்த பிறகு உங்களால் முடியாது. ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர், அதாவது கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தாலே பெரியவர்களைத் தடுமாறி விழ வைக்கும். 30 சென்டிமீட்டரில் சின்னக் கார் மிதந்து போகும். இதில் ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு நிற்பது நடக்காது. அதனால் மற்றவர்கள் "பார்க்கலாம்" என்று உட்கார்ந்திருக்கும்போதே நீங்கள் கிளம்ப வேண்டும். எச்சரிக்கை வந்ததுமே. எங்கே போவது, எந்த வண்டி என்பதை இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள். வண்டிக்காரர் ஒருவரை நம்பாதீர்கள், இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள்.

கட்டிலிலிருந்து வாசல் வரை கொண்டுவரத் தடிமனான போர்வை போதும். அவரை ஒருக்களித்துச் சாய்த்து, போர்வையில் பாதியை மடித்து முதுகோரம் செருகி, மறுபக்கம் புரட்டி விரித்துவிடுங்கள். சுற்றிவிட்டுத் தலைப்பக்கத்தைப் பிடித்துத் தரையோடு இழுத்து வரலாம். தலை மட்டும் தரையில் படாமல் இருக்க வேண்டும். கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கத்தான் இன்னொரு கை வேண்டும். படிக்கட்டு என்றால் கைவைத்த உறுதியான நாற்காலியில் உட்கார வைத்து துணியால் கட்டி, ஒருவர் முதுகுப்பக்கம், ஒருவர் முன்கால்களைப் பிடித்து இறக்க வேண்டும். முதல் ஒத்திகையை மாமியாரை வைத்துச் செய்யாதீர்கள். உங்களையே உட்கார வைத்துப் பக்கத்து வீட்டு இரண்டு பேரை இறக்கச் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே பயமாக இருக்கிறது என்று உங்கள் உடம்புக்குத் தெரிந்துவிடும். கூச்சப்படாமல் கதவைத் தட்டிக் கேளுங்கள் அம்மா. உங்கள் வீட்டில் நகர முடியாத ஒருவர் இருப்பது தெரியாததால்தான் பலர் வருவதில்லை.

கேள்வி: இதற்கெல்லாம் ஒத்திகை பார்த்தால் குழந்தைகள் பயந்துவிட மாட்டார்களா? – இரண்டு குழந்தைகளின் தந்தை

பதில்: என்ன செய்வதென்று தெரியாத குழந்தைதான் பயப்படும். போன மாதம் என் பேத்தியோடு செய்தேன், அவளுக்கு ஆறு வயது. முதலில் போன் நம்பர். பாட்டாகப் பாடிப் பாடி, அவளுடைய அம்மா நம்பரும் வெளியூர் மாமா நம்பரும் மனப்பாடம். வெளியூர் நம்பர் ஏன் என்றால், ஊருக்குள் லைன் கிடைக்காதபோதும் வெளியூருக்குக் கிடைத்துவிடுவதுண்டு. ஆளுக்கொரு பக்கம் சிதறினாலும் எல்லோரும் மாமாவிடம் சொன்னால் போதும். பெரியவர்களுக்கும் சொல்கிறேன், அந்த நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். குறுஞ்செய்தி அனுப்புங்கள், அது நெரிசலிலும் புகுந்து போய்விடும்.

அப்புறம் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, படுக்கையிலிருந்து வாசலுக்குப் போகச் சொன்னேன். நான் பின்னாலேயே போனேன். சுவரைத் தடவிக்கொண்டே ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நடந்தாள். ஒன்பதாவது அடியில் "ஆ!" என்றாள். முக்காலி. வருஷக்கணக்காக அது அங்கேதான் இருக்கிறது, வெளிச்சத்தில் எங்கள் யார் கண்ணுக்கும் அது இடைஞ்சலாகத் தெரிந்ததில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே மீதியையும் எண்ணி முடித்தாள். மொத்தம் 14. தாழ்ப்பாள் எட்டவில்லை. எம்பிப் பார்த்தாள், அப்போதும் எட்டவில்லை. "பாட்டி, எனக்குத் திறக்க முடியலையே, அப்ப நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

அன்றைக்கே முக்காலியை எடுத்துவிட்டோம். மறுநாள் ஆசாரி வந்து தாழ்ப்பாளை அவள் தோள் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டுப் போனார்.